கயிற்றுக்கு அந்தப் பக்கம் எடுத்த நான்கு படங்கள்

எந்தக் கமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்று, புதிதாகப் படம் எடுக்க வந்திருக்கும் நீங்கள் எழுதிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லும் ஆட்கள் பதுளைக் கடைவீதியிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது வேறு.

முழங்கால் இனி மலை ஏறாது என்று சொல்லிவிட்டதால் இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறேன். இருக்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்தால் என்னால் உட்கார முடிவதில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். இந்த வாரம் உங்களில் நான்கு பேர் கமராவோடு தோட்டப் பக்கம் போகப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை இப்போது எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் எடுத்த ஒரு படத்தால் ஒரு மனிதரின் கால் போனது.

நாற்பத்து மூன்று வயது வரைக்கும் நான் ஸ்டூடியோக்காரன். அடையாள அட்டைப் படம், கல்யாணம், சடங்கு வீடு, கோயில் திருவிழா. அப்புறம் ஒரு நாள் கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், செய்தி நிறுவனங்களுக்குப் படம் எடுப்பவர், என்னைவிட மூன்று வயது இளையவர். ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு வருடம் வேலை செய்ய வழி தெரிந்த ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. எனக்கு மடுல்சீமையிலிருந்து பூனாகலை வரை குறுக்குப் பாதை எல்லாம் தெரியும். அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். தோட்டத்தில் எல்லோரும் கூப்பிட்டது போல நானும் மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணை என்றார்.

முதல் நாளே சறுக்கினேன். காலையில் வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடையோடு நின்றார்கள். எனக்குக் கை பரபரத்தது. "அக்கா, கொஞ்சம் கிட்ட கிட்ட நில்லுங்க. ஒயரமானவங்க பின்னால போங்க. ஆங், இங்க பாருங்க" என்று இருபது பேரை வரிசையில் நிறுத்திவிட்டேன். அவர்களும் நின்றார்கள். மிஸ் கமராவைத் தொடவே இல்லை.

"அண்ணை, நீங்கள் சொன்ன உடனை ஏன் எல்லாரும் நிண்டவை?" என்று கேட்டார் பிறகு.

"மரியாதைக்குத்தான் மிஸ்."

"இல்லை. அவையளுக்கு நெடுகலும் ஆரோ ஒருத்தர் நில் எண்டுறதும் நட எண்டுறதும் பழக்கம். இண்டைக்கு நீங்கள் சொன்னனீங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. நானும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டேன். அந்த முறுக்கு போக எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. அதற்குள் வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. எப்போது எடுக்கக் கூடாது என்பது மட்டும் பிடிபடவில்லை.

அந்த வருடக் கடைசியில் மழை விடாமல் பெய்தது. மடுல்சீமைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் லயங்களுக்கு மேலே மலை பிளந்துவிட்டது என்று செய்தி வந்தது. பெயர் வேண்டாம், இன்னும் ஆட்கள் அங்கே வேலை செய்கிறார்கள். வான் வண்டி போகும் தூரம் வரை போய், மிச்சத்தைச் சேற்றில் நடந்தோம். இரண்டு லயங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. இருபத்திரண்டு குடும்பங்களையும் முந்தின நாள்தான் எதிர்ப்பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். லயத்துக்குப் போகும் பாதையின் குறுக்கே கிராம சேவகர் ஒரு நைலோன் கயிற்றைக் கட்டி, சிவப்புத் துணித் துண்டுகளை முடிந்துவிட்டிருந்தார். அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது. பாடசாலை வராந்தாவில் நின்றால் கயிறும் தெரியும், லயமும் தெரியும்.

மூன்று நாள் அங்கேயே இருந்தோம். மிஸ் எடுத்ததெல்லாம் பாய்கள், ஈரத் துணி, ஒரே அடுப்பில் மாறி மாறிச் சமைக்கும் பெண்கள், கரும்பலகையின் கீழே படுத்திருக்கும் கைக்குழந்தை, தலையைச் சொறிந்துகொண்டு மலையையே பார்த்திருக்கும் ஆண்கள். எனக்கு வெறுத்துப்போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் வெடித்த மலை நிற்கிறது. நாம் பாயை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

"ஒண்ணுமே நடக்கலியே மிஸ்" என்றேன்.

"இதுதான் அண்ணை நடக்குது" என்றார். "உங்களுக்கு நிக்கேலாமல் கிடக்கு. அது வேறை."

நான்காம் நாள் விடிந்தபோது மழை விட்டிருந்தது. தொலைபேசிக்கு அங்கே அலை இல்லை. படங்களை அனுப்ப மிஸ் பதுளைக்குப் புறப்பட்டார். போகும்போது கயிற்றைக் காட்டி, "அங்காலை போகாதேங்கோ. நான் பின்னேரம் வந்திடுவன்" என்றார். நான் தலையாட்டினேன்.

பத்து மணிக்கு வெயில் வந்தது. இத்தனை நாள் கழித்து வந்த வெயில், கழுவிவிட்ட மாதிரி. மலை ஆவி விட்டது. ராஜேஸ்வரி என்ற பெண் வராந்தாவில் துணி பிழிந்துகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், கொழுந்து பறிப்பவர். கீழ் லயத்தில் கடைசி காம்பரா அவருடையது. தோட்டத்தில் ஒரு குடும்பம் வாழும் ஒற்றை அறைக்குக் காம்பரா என்று பெயர்.

"எங்க காம்பராவுல செவுரு எப்படிப் பொளந்திருக்கு தெரியுமாண்ணே? கைய விட்டா முழங்கை வரைக்கும் போவுது. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார்.

நான் வெயிலைப் பார்த்தேன். அந்தப் பிளவு வழியாக உள்ளே வெளிச்சம் விழும். இந்த நேரத்துக்கு விழும். இன்னும் ஒரு மணித்தியாலம் போனால் விழாது.

"கதவத் தொறந்து காட்டுறீங்களா? ஒரு அஞ்சு நிமிஷம்" என்றேன்.

அவர் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்க வர்றீங்கன்னா சரி" என்றார்.

நான் குனிந்து போகக் கயிற்றை அவர்தான் தூக்கிப் பிடித்தார். உள்ளே வெளிச்சம் நான் நினைத்ததைவிட அழகாக விழுந்திருந்தது. சுவர் மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிரிந்து, வெளியே தேயிலை தெரிந்தது. "கைய உள்ள விடுங்க. முகத்தக் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றேன். ஸ்டூடியோக்காரன் எங்கேயும் போய்விடவில்லை. நான்கு முறை அழுத்தினேன். ராஜேஸ்வரி கதவைப் பூட்டினார். திரும்பி வந்தோம். மொத்தமாகப் பத்து நிமிடம்கூட இருக்காது.

வராந்தாவில் நின்ற அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. கமராவின் சின்னத் திரையில் என் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலையை நிமிர்த்தியபோது ஒரு ஆள் கயிற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள். ஒருவருக்கு உள்ளே விட்டுவந்த அரிசி மூட்டை வேண்டும், ஒருவருக்குக் கட்டிப்போட்ட ஆடு. ஆறேழு பேராகிவிட்டது. தோட்டத்துச் சங்கத் தலைவர் வராந்தாவிலிருந்து கத்தினார். "டேய், போவாதீங்கடா. மலை காயலைடா."

போய்க்கொண்டிருந்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்: "போட்டோக்கார அண்ணன் போயிட்டு வந்தாருல்ல. அவருக்கு என்னா ஆச்சு?"

அவர் சந்தனம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். மேல் லயத்தில் குடியிருந்தவர். மகளுக்கு அடுத்த வாரம் பள்ளிச் சோதனை. அனுமதி அட்டை தகரப் பெட்டியில் இருந்தது. இருட்டில், மழையில், அவசரமாக வெளியேறியபோது அதை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

நான் ஓடினேன். "வாங்க, எல்லாம் வெளிய வாங்க" என்றேன். எனக்கே என் குரல் நம்பும்படி இல்லை. பத்து நிமிடத்துக்கு முன்னால் உள்ளே போனவன் வெளியே நின்று வா என்றால் யார் வருவார்? ஆட்டுக்காரப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாறோம் வாறோம்."

சத்தம் பெரிதாக இல்லை. லொறியிலிருந்து மண் கொட்டுவது போல ஒரு சத்தம். மலை முழுவதும் வரவில்லை. மேல் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்கரை மட்டும் சரிந்தது. மூன்று காம்பராக்கள் போயின. மற்றவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். சந்தனம் வரவில்லை.

அவர் சுவருக்கு அடியில் கிடந்தார். நினைவு இருந்தது. கால் மட்டும் உள்ளே. கமரா என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தலைவர் என்னிடம் ஒரு மண்வெட்டியை நீட்டினார். "அதக் கழட்டி வச்சிட்டு இதப் பிடிங்க" என்றார். பிடித்தேன். அந்த வேளையில் படம் எடுத்திருக்க வேண்டாமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். வேறு எட்டுப் பேர் தோண்ட இருந்தால் எடுத்திருக்கலாம். மழை விட்டதும் மற்ற ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்; அங்கே ஐந்து மண்வெட்டி, நான்கு ஆண்கள். கணக்கு அவ்வளவுதான்.

கம்பளியில் போட்டு, கம்பு கட்டி, சேற்றில் தூக்கிக்கொண்டு வந்து, கொழுந்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவருடைய மனைவி லொறியின் பின்னால் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழி முழுக்க அந்த அம்மா பார்த்தது என்னைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மிஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது, ராஜேஸ்வரிதான் கூப்பிட்டார் என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிட்டது. மிஸ் உடனே நிறுத்தினார்.

"ஆர் கேட்டது?"

"நான்தான்."

"சரி. சொல்லுங்கோ."

சொல்லி முடித்ததும் கமராவைக் கேட்டார். நான்கு படங்களையும் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"நல்ல படம்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இதை அழிச்சிடட்டா மிஸ்?"

"அழிக்காதேங்கோ. இண்டைக்கு உங்களுக்கு அழிக்கோணும் போலதான் இருக்கும். இப்ப ஒண்டும் முடிவு எடுக்காதேங்கோ. போய் அந்த மனுசியிட்டை ஏதும் வேணுமோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஸ்டூடியோவைத் திறப்பேன், மூடுவேன். பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போவேன், பாடசாலை வரை போய்விட்டு யாரையும் பார்க்காமல் திரும்பிவருவேன். இரண்டாம் வாரம் அப்படிப் போன ஒரு நாள்தான் கீழ் லயத்தில் ஆட்கள் வேலை செய்வதைப் பார்த்தேன். சீமெந்து பூசிக்கொண்டிருந்தார்கள். ராஜேஸ்வரியின் சுவர் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. மேல் லயம்தான் பழுது, கீழ் லயம் நன்றாக இருக்கிறது, குடும்பங்கள் திரும்பிப் போகலாம் என்று தோட்ட நிர்வாகம் சொல்லத் தொடங்கியிருந்தது. கீழ் லயத்தில் பதினோரு குடும்பங்கள். இதை முடிவு செய்ய அந்த வாரமே அதிகாரிகள் ஒரு கூட்டம் வைக்க இருந்தார்கள்.

அன்று இரவே மிஸ்ஸுக்குப் போன் பண்ணினேன்.

"உங்களட்டை அந்தச் சுவரிண்டை படம் இருக்கோ மிஸ்?"—பதற்றத்தில் அவர் பேச்சு என் வாயில் வந்துவிட்டது.

"என்னட்டை எப்பிடி இருக்கும்? நான் கயிறைத் தாண்டேல்லையே" என்றார். "உங்களிட்டை மட்டுந்தான் இருக்கு. காட்டுறதெண்டால் நாலையும் காட்டோணும். எப்பிடி எடுத்ததெண்டதையும் சொல்லோணும். முதல்லை அந்த ரெண்டு பேரிட்டையும் கேளுங்கோ."

ராஜேஸ்வரியிடம் போனேன். காட்டினால் அவரும் கயிற்றைத் தாண்டியது தெரிந்துவிடும், வேலையில் கை வைப்பார்கள் என்றேன். அவர் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"படம் எடுத்தது நீங்க. கதவத் தொறந்தது நானு. ரெண்டையும் சொல்லுங்க. ஒண்ண மட்டும் சொன்னீங்கன்னா நல்லா இருக்காது."

சந்தனத்தின் வார்டுக்குப் போவதற்குத்தான் எனக்கு மூன்று முறை வேண்டியிருந்தது. இரண்டு முறை வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை அவரே என்னைப் பார்த்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, என்னை மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க" என்றார். "நான் ஒங்களப் பாத்துத்தான் போனேன். இல்லன்னு சொல்ல மாட்டேன். சும்மா ஒங்க மனசு ஆறணும்னு பொய் சொல்ல எனக்கு வராது."

"கூட்டத்துல அந்தப் படத்தக் காட்டலாமான்னு கேக்க வந்தேன்."

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "எங்கிட்ட மன்னிப்புக் கேக்கத் தெரியுதில்ல? அங்க போயி அத எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க. எதனால போனோம், யாரப் பாத்துப் போனோம், எல்லாத்தையும். அப்புறமாப் படத்தக் காட்டுங்க."

கூட்டத்தில் இருபது பேர் இருந்திருப்பார்கள். நான் எழுந்து, முதலில் கயிற்றைச் சொன்னேன். பிறகு ராஜேஸ்வரியிடம் கேட்டதைச் சொன்னேன். பிறகு சந்தனம் சொன்ன வார்த்தையை, 'போட்டோக்கார அண்ணன் போயிட்டு வந்தாருல்ல' என்பதை, அப்படியே சொன்னேன். அதன் பிறகுதான் நான்கு படங்களையும் சுவரில் போட்டுக் காட்டினார்கள். நல்ல படம் ஒன்று, மங்கலானது ஒன்று, பாதிக் கதவு மறைத்தது ஒன்று. நான்காவதில் ராஜேஸ்வரி சலிப்போடு என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்டூடியோக்காரனாக இருந்தால் அந்த மூன்றையும் அன்றைக்கே தூக்கி எறிந்திருப்பேன். நான்கிலும் பிளவு இருந்தது. நான்கிலும் முழங்கை வரை கை உள்ளே இருந்தது.

நிர்வாகத் தரப்பில் வந்தவர் எழுந்தார். "அந்தப் பெண் தானாகக் கையை வைத்தாரா, நீங்கள் வைக்கச் சொன்னீர்களா?"

"நான்தான் வைக்கச் சொன்னேன்."

"அப்படியென்றால் இது ஜோடனை."

"கையை வைக்கச் சொன்னது நான். சுவரைப் பிளந்தது நான் இல்லை" என்றேன்.

"அந்த மனிதருக்குக் கால் போனதற்கு நீங்கள்தான் காரணம் என்று ஒத்துக்கொள்கிறீர்களா?"

ராஜேஸ்வரி கடைசி வரிசையில் இருந்தார். மலை காரணம், மழை காரணம், லயத்தை அங்கே கட்டியவர்கள் காரணம். எல்லாம் உண்மை. சொல்ல வரிசையாக நாக்கில் நின்றன.

"என் பங்கு இருக்கிறது" என்றேன். "அதைச் சொல்லத்தான் வந்தேன். சுவரையும் பாருங்கள்."

அன்றைக்கே முடிவு வரவில்லை. அதிகாரி ஒருவர் ஆட்களோடு போய் அந்தப் பூச்சைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு தட்டிலேயே விழுந்துவிட்டதாம். கீழ் லயத்துக்கு யாரையும் திருப்பி அனுப்பவில்லை. தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். பிறகு கொஞ்சம் பேருக்கு வீடு கிடைத்தது, கொஞ்சம் பேருக்குக் கிடைக்கவில்லை. ராஜேஸ்வரிக்குக் கிடைத்தது. சந்தனத்தின் மகள் அந்த வருடம் சோதனை எழுதவில்லை, அடுத்த வருடம் எழுதினாள். சந்தனத்துக்குக் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நிற்க இனி முடியாது. வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குக் காவலாகப் போட்டார்கள். என்னை அந்தத் தோட்டத்துக்குள் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சரியான முடிவுதான்.

கூட்டம் முடிந்த அன்றே, இனிக் கமராவைத் தொடுவதில்லை என்று மிஸ்ஸிடம் சொன்னேன். "அது உங்கடை விருப்பம்" என்றார். அதற்கு மூன்றாம் வாரம் கூப்பிட்டார். வெலிமடையில் உருளைக்கிழங்கு தோண்டும் குடும்பங்களோடு பத்து நாள் இருக்கப்போகிறாராம். "வழி தெரிஞ்ச ஆள் எனக்கு வேணும் அண்ணை. படம் எடுக்கிறதெண்டால் எடுங்கோ, எடுக்காட்டில் விடுங்கோ." போனேன். ஆறு நாள் எடுக்கவில்லை. ஏழாம் நாள் எடுத்தேன். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் இதே வேலைதான்.

நீங்கள் போகப்போகும் இடத்தில் உங்களை யாரும் சாதாரண ஆளாகப் பார்க்கமாட்டார்கள். கமரா வைத்திருப்பவனுக்கு ஏதோ தெரியும், யாரோ அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். நீங்கள் நிற்கும் இடம் நிற்கத்தக்க இடம் என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் பயப்படாவிட்டால் அவர்களும் பயத்தை விட்டுவிடுவார்கள். படம் எடுக்கும் முன் உங்கள் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் யார் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டதற்கு விலை கொடுத்தது நான் இல்லை.

போன மாதம் பசறையிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் வந்தேன். நல்ல நெரிசல். வழியில் ஒரு பெண் ஏறினார். என் பக்கத்து ஜன்னல் இருக்கை மட்டும்தான் காலி. சந்தனத்தின் மனைவி. தலை நரைத்திருந்தது. இத்தனை வருடத்தில் கடைவீதியில், கோயிலில், பலமுறை எதிர்ப்பட்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கும் என்னைப் பார்த்ததும் நின்றார். பின்னால் வந்தவர்கள் தள்ள, வேறு வழியில்லாமல் என்னைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தார். மடியில் மருந்துச் சீட்டு வைத்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். நான் முன் இருக்கையின் கம்பியைப் பார்த்தபடி வந்தேன். எதையாவது கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் வாயெடுத்தேன். கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சந்தியில் பஸ் நின்றது.

"எறங்கணும்" என்றார். "கொஞ்சம் எந்திரிங்க."

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. நான் எழுந்து வழி விட்டேன்.